இருபத்தெட்டாம் எண்

பிப்ரவரி. பிர்னோவில் சூரியன் தலைகாட்டி மூன்று வாரம்.
இரவு இரண்டு மணிக்கு, ஆளில்லாத நான்காம் மாடியில்
பதினோரு இயந்திரங்கள்
தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும்:
எழுதினாயா? எழுதினேன்.
படித்தாயா? படித்தேன்.
எழுதியதும் படித்ததும் ஒன்றா?

பத்து, ஒன்றுதான் என்றன.
ஏழாவது மட்டும்
இல்லை என்றது,
இரவுக்கு இரவு.

டிராமிலிருந்து இறங்கி வந்து கையுறையைக் கழற்றுமுன்
திரையில் சிவப்பைப் பார்ப்பேன்.
'கோப்பு சிதைந்துள்ளது.'
கோப்பு சிதைந்தால் கோப்பு முறைமையை எழுதியவர்தான் குற்றவாளி.
எழுதியவர் லுபோர்.
எனக்கு எதிர் மேசை.

பேன்சீப்பால் வாருவதுபோல்
தன் நிரலை வரிவரியாக வாரினார்.
ஓர் ஈர்கூட அகப்படவில்லை.
பிறகு மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு வருவதை நிறுத்தினார்.
யாரும் கேட்கவில்லை. நானும்.

ஒரு வெள்ளி மாலை, வேறு எதையும் சந்தேகிக்க மிச்சமில்லாமல்,
சோதனையைத் திறந்தேன்.
என்னுடையது. நான்கு வருடம் முன் அவசரத்தில் எழுதியது.
நாற்பது ஜிகாபைட் எழுதச் சொல்லியிருக்கிறேன்.
ஏழாவதின் வன்தட்டு மொத்தமே முப்பத்திரண்டு.
பழையது செத்ததும் யாரோ
இழுப்பறையில் கிடந்ததை மாட்டியிருக்கிறார்கள்.

தட்டு சும்மா இருக்கவில்லை.
எள் விழ இடமில்லாமல் போன அந்த நொடியில்
ஒவ்வோர் இரவும் ஒழுங்காக
இருபத்தெட்டாம் எண்ணைச் சொல்லியிருக்கிறது:
இடமில்லை.

நான் அந்தப் பதிலை வாங்கவே இல்லை.
எழுது என்றேன். எழுதியாயிற்றா என்று கேளாமல்
அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.
பாதியில் நின்ற கோப்பை அளந்து பார்த்துச்
சிதைவு என்று பெயர் வைத்தேன்.

குறிப்பேட்டிலாவது இருந்திருக்குமே என்று தேடினேன்.
குறிப்பேடும் அதே தட்டில்.
ஒரு சொல்லின் நடுவில்
நின்றுபோயிருந்தது.

திருத்தம் சுலபம் என்று நினைத்தேன்.
இருபத்தெட்டு வந்தால் விட்டுவிடு.
தோல்வி என்று எழுதாதே, ஓடவில்லை என்று எழுது.

லுபோர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.
பத்து நாளில் முதல் பேச்சு.
"அப்படியே விட்டுவிடாதே, வெந்துலா.
தட்டு பாதி காலியாக இருக்கும்போது
என் நிரல் இடமில்லை என்று சொன்னால்?
அது பொய். அதைப் பிடிக்கத்தானே நீ இருக்கிறாய்."
இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் நிரல்கள் உண்டு,
தன்னுடையது கொஞ்சம் அந்த ஜாதிதான் என்று
அவரே சொன்னார்.

ஆகவே முதலில் அளக்கச் சொன்னோம்.
போதாதென்றால் தொடங்காதே.
போதும் என்று தெரிந்தபின்னும் இல்லை என்றால்
சிவப்பு, தயங்காமல் சிவப்பு.

போகும்போது இன்னொன்று சொன்னார்:
நிரம்பி வழியும் தட்டில்
அழிப்பதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.
அழித்தேன் என்பதை எங்காவது எழுதியாக வேண்டுமே.
அதற்காக ஒரு மூலையை
எவ்வளவு கெஞ்சினாலும் யாருக்கும் தராமல்
ஒதுக்கி வைத்திருக்கிறாராம்.

அன்றிரவு மாற்றத்தைப் பதிந்தபோது
விளக்கக் குறிப்பில் மூன்று வரி எழுதினேன்.
தவறு சோதனையில், முறைமையில் அல்ல.
மூன்று வாரமாக.
தவறு என்னுடையது.
மூன்றாவதை இரண்டு முறை அழித்து
இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.

திங்கள் காலை ஏழாவது
பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.
சாம்பல். ஓடவில்லை. இடம் போதாது.
ஜன்னலுக்கு வெளியே இருந்த அதே நிறம்.

செவ்வாய், உணவகத்தில் பூண்டு சூப்.
லுபோர் கையில் தட்டோடு
எங்கள் மேசைப் பக்கம் நின்றார்.
ரொட்டிக் கூடையை நகர்த்தினேன்,
என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
உட்கார்ந்தார். ஒரு கரண்டி குடித்தார்.
உப்பு அதிகம் என்றார்.