ஆற்றுவாழை

கல்முனைச் சந்தையில் ஐம்பது ரூபா.
நனைந்த பையில் ஒற்றைக் கன்று.
"பூவுக்குள்ள மயில்ட கண் இரிக்கிம் அக்கா."
இருந்தது.

வெடித்த சீமெந்துத் தொட்டியில் விட்டேன்.
ஆனிக்குள் தொட்டி நிறைந்து
மீன் கழுவும் பேசன் நிறைந்து
பழுதான பிரிட்ஜின் வயிறும் நிறைந்தது.
கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தேன்.
கேளாதவர்க்கும்.

மார்கழி வெள்ளம் வேலியைப் பார்க்கவில்லை.
வளவு மிதந்து
என் பச்சையெல்லாம் ஒழுங்கைவழி வாவிக்குப் போவதை
யன்னலால் பார்த்துக்கொண்டு
தேத்தண்ணி குடித்தேன்.
வடிவாய்த்தான் இருந்தது.

இப்போது துறைநீலாவணைக் கரையில்
தோணி கொளுவி நிற்கிறது.
வலையில் இறாலில்லை, வேர்.
மதகடியில் பேரின்பராசா
நெஞ்சளவு தண்ணியில் நின்று
அள்ளி அள்ளி எறிகிறான்.
"ஆரோ ஒரு விசரன்ட வேலை."
ஓம், விசரன்தான் என்றேன்.
அந்த ஆண்பாலுக்குள்
ஒளிந்துகொள்ள இடமிருந்தது.

கரையேறிச் சாரத்தைப் பிழிந்தவன்
குவியலைக் கிளறி
பூத்த ஒன்றை மட்டும்
தனியே எடுத்து வைத்தான்.
"மகள் கேட்டவள். வாளிக்குள்ள விடப்போறாளாம்."

சொல்ல வாயெடுத்தேன்.
அவன் கையிலிருந்து
மயில் என்னைப் பார்த்தது.