ஆறாவது கேள்வி

'உங்கள் வருங்கால வகுப்பறையில்
தொழில்நுட்பத்தை எவ்வாறு பயன்படுத்துவீர்கள்?'
தோழிகள் எழுதியதையே நானும் எழுதினேன்.
புதுமை, பங்கேற்பு, உலகளாவிய வாய்ப்பு என்று
உப்பில்லாமல் ஒன்றரைப் பக்கம்.
பன்னிரண்டுக்கு ஒன்பது கிடைத்தது.

எழுதாமல் விட்டது இது.

தக்குவரெம்போ நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்,
அதில் இருபது வெறும் செம்மண் சாலை.
மழை பெய்தால் ஓடை ஏறும்,
பேருந்து அந்தப் பக்கமே நின்றுவிடும்.
ஒரே அறை. ஆறு வகுப்புக்கும் சேர்த்துப்
பதினோரு பிள்ளைகள்,
வெள்ளை மேலங்கியில் நீல ரிப்பன் முடிச்சோடு.
கடைசி பெஞ்சில் நான், பயிற்சி ஆசிரியை.
தலைமையாசிரியை மீர்த்தாவுக்கு ஆங்கிலம் வராது.
எனக்கும் அரைகுறைதான்.
அதனால் செவ்வாய்தோறும் பதினொரு மணிக்குச்
சுவரில் ரோசினா வருவாள்.

மோன்தெவிதேயோவில் ஏதோ ஒரு மாடியில்
காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருப்பாள்.
சுவரில் அவள் முகம்
கரும்பலகையைவிடப் பெரிது.
எங்கள் குரல் அவளை எட்ட இரண்டு நொடி ஆகும்.
இங்கே நாங்கள் சிரித்து முடித்து
அடுத்த சேட்டைக்குப் போன பிறகு
அங்கே அவள் சிரிக்கத் தொடங்குவாள்.
பிள்ளைகளுக்கு அதுவும் விளையாட்டு:
கையசைத்துவிட்டு 'உனோ, தோஸ்' என்று எண்ணுவார்கள்.

முதல் வாரமே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்:
ஏட்டுச் சுரைக்காய் போய்த்
திரைச் சுரைக்காய் வந்திருக்கிறது.

நாஹுவேலுக்கு ஒன்பது வயது.
குதிரையில் வருவான், குதிரையில் போவான்.
உதடு சேரும் எழுத்தெல்லாம் அவனுக்குப் பகை;
'ப'வில் பூட்டிக்கொண்டால் சாவி கிடைக்காது.
அறையில் எல்லாருக்கும் அவன்மேல் பிரியம்,
அதுதான் சிக்கல்.
அவன் தொடங்கியதும் மீதியை
யாராவது எடுத்துக்கொடுத்துவிடுவோம்.
எவெலின் கொடுப்பாள், மீர்த்தா கொடுப்பார்.
அதிகம் கொடுத்தவள் நான்.
பந்து, பென்சில், பசி, போகட்டுமா:
அவன் வாய்க்குரிய சொற்களை
நானே பேசித் தீர்த்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய் ரோசினா கேட்டாள்,
உன் குதிரை என்ன நிறம்?
ரிப்பனைத் திருகியபடி எழுந்தான்.
'மை ஹார்ஸ் இஸ் பி...'

பூட்டு.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது.
ஆனால் சொல் வரவில்லை. போன வாரம் படித்த நிறங்கள்
ஒன்றுகூட மனத்தில் நிற்கவில்லை.
நோட்டைப் புரட்டினேன். எவெலினும் புரட்டினாள்.
சுவரில் ரோசினா அசையவே இல்லை.
இணைப்பு தடைப்பட்டதென்று நினைத்திருப்பாள்.
நாள் முழுக்க உறைந்த முகங்களோடு பேசுகிறவள்,
காத்திருப்பது அவளுக்குச் சம்பள வேலை.
புருவம் லேசாக உயர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வெளியே குதிரை கடிவாளத்தை மென்றது.

'பி... பிரவுன்.'

பிறகு உனோ. பிறகு தோஸ்.
அங்கே அவள் கைதட்டினாள்.
அதுவரை அவன் உட்காரவில்லை.
தன் சொல் தெற்கே போய்ச் சேர்வதை
நின்று வழியனுப்புகிறவன்போல் நின்றான்.

பகல் உணவுக்குப் பின் என்னிடம் சொன்னான்,
வீட்டில் அந்தக் குதிரையைப் பழுப்பு என்று
யாரும் சொல்வதில்லையாம்.
பழுப்புக்குள் எத்தனையோ பழுப்பு, தனித்தனிப் பெயர்.
ஒவ்வொன்றாகச் சொன்னான், ஸ்பானியத்தில், திக்கித் திக்கி.
காத்திருந்தேன்.
மூன்றாவது பெயரில் பொறுக்கமாட்டாமல்
குறுக்கே விழுந்து நானே சொல்லிவிட்டேன்.
தப்பான பெயர்.

அடுத்த மார்ச்சில் எனக்கென்று ஒரு பள்ளி தருவார்கள்.
அதற்குள் வேகமான இணைப்பு வந்துவிடுமாம்,
தாமதமே இருக்காதாம்.
நல்லதுதான். ரோசினாவும்
நேரத்தோடு சிரிக்கட்டும்.

நான் மேசைக்கடியில்
விரல் மடக்கிப் பழகுகிறேன்.
உனோ.
தோஸுக்கு முன்பே
இன்னும் வாய் திறந்துவிடுகிறது.