நேற்று ஞாயிறு

புதுவயல். திங்கட்கிழமை, காலை ஏழேகால்.
எட்டு மணிச் சங்குக்கு முன்னால் வந்தால்தான்
அடைக்கலமேரியைப் பிடிக்க முடியும்.
ஸ்கூட்டியை மில் சுவரோரம் நிறுத்திவிட்டு
எடைத் தராசோடு சந்துக்குள் நுழைகிறேன்.
தெரு முழுக்க அவிந்த நெல் வாசம்.

ரெனிஷாவுக்கு நூற்றுப் பதினெட்டு நாள்.
சேலைத் தூளியிலிருந்து தராசுத் தூளிக்கு மாற்றினேன்.
முள் நடுங்கி நடுங்கி நின்றது:
நாலு கிலோ எழுநூறு.
போன மாதமும் அதே நாலு எழுநூறு.
மில்லில் ஒரு மூட்டைக்கு நூறு கிராம் குறைந்தால்
சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

டேப்லெட்டில் கேள்வி தயாராக இருக்கிறது.
ஒரு சொல்கூட மாற்றிக் கேட்கக் கூடாது.
பயிற்சியில் இரண்டு நாள் அதைத்தான் சொன்னார்கள்.
"நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை
தாய்ப்பால் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா?
தண்ணீர்கூட?"

பெருவிலும் இதைத்தான் கேட்கிறார்களாம், மலாவியிலும்.
எல்லா வாசலிலும் ஒரே மாதிரி கேட்டால்தான்
கூட்ட முடியும், வகுக்க முடியும்.
உலகத்துக் கைக்குழந்தைகளில்
பாதிக்குச் சற்றுக் குறைவு என்று
திரையில் ஒரு வட்டம் காட்டினார்கள்,
வடை வந்த நேரத்தில்.

"நேத்தா?" என்றாள் அடைக்கலமேரி.
"நேத்து ஞாயித்துக்கிழமைல்லக்கா, மில் லீவு.
பூசைக்குப் போனப்பகூட இடுப்புலயேதான் கிடந்தா.
நாள் பூரா என் பால்தான்."

பொய்யில்லை.
பிள்ளையின் கன்னத்தில் இன்னும்
காய்ந்த பாலின் கோடு.

சனிக்கிழமையைப் பற்றி இந்தக் கேள்விக்கு அக்கறையில்லை.
தீப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் டின்னைப் பற்றியும்.
பினாங்கிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்கள் விட்டுப்போனது;
மாமியார் கூட்டித் துடைக்கும் பெரிய வீட்டு மிச்சம்.
மூன்று கரண்டி என்று முதுகில் படம் போட்டிருக்கிறது.
இங்கே ஒரு கரண்டி.
மாசக்கடைசி வரை வர வேண்டுமே.
போன மாதம் ஒன்பது நாள் வயிற்றுப்போக்கு.
உச்சிக்குழி இறங்கி, கண் செருகி,
காரைக்குடி ஆஸ்பத்திரியில் நாலு நாள்.

எனக்கு அரசாங்கம் ஒன்பது மாதம் விட்டது, சம்பளத்தோடு.
ஆறு மாதம் வரை என் மகன் தண்ணீர் ருசி அறியாதவன்.
அதை என் சாமர்த்தியம் என்று
எத்தனை வாசலில் சொல்லியிருக்கிறேன்.
அவளுக்கோ நாற்பத்தேழாம் நாள்
நெற்களத்து வெயில்.

"இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டேன்.
பச்சை விழுந்தது. நன்றி என்றது டேப்லெட்.
இனி அது சிவகங்கைக்குப் போகும்,
அங்கிருந்து சென்னை, டெல்லி, இன்னும் தள்ளி.
எங்கோ ஒரு சதவீதத்தில்
புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் நிமிரும்.
எடையையும் பதிந்தேன். அது வேறு பக்கம்.
அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும்
பேச்சுவார்த்தை கிடையாது.

சங்கு.
புருஷனின் பழைய சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு
பொத்தான் போட்டபடியே ஓடினாள்.

பத்தரைக்குத் திரும்பும்போது களத்தைப் பார்த்தேன்.
பதினைந்து பெண்கள் வரிசையாக
காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு போகிறார்கள்.
அவள் சட்டையில் மட்டும் நெஞ்சில்
இரண்டு ஈர வட்டம், பெரிதாகிக்கொண்டே.
வியர்வை என்று நினைத்திருப்பான் மேஸ்திரி.
எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை அழுதிருக்க வேண்டும்.

ரெனிஷாவாக இருக்காது.
அவள் வீடு அங்கிருந்து கேட்கிற தூரமில்லை.