கூரைக்கு மேல் கடல்

அவன் தரை என் கூரை.
அதனால்தான் மேலே போனேன்,
பிப்ரவரியில், வீட்டுச் செருப்போடு,
சண்டை போட.

போன மாதம் விடியற்காலை மூன்று மணிக்கு
என் தலைக்கு மேல் எதுவோ சரிந்தது.
பிறகு விளக்கைச் சுற்றி ஓர் ஈரவட்டம்
மெல்ல அகன்றது.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
ப்ர்னோவில், எந்தப் பக்கம் போனாலும்
கடல் வராத நாட்டில்,
என் படுக்கையறைக் கூரை கரித்தது.

லுபோர் டிராம் ஓட்டுகிறவன்.
கதவைத் திறந்த கைகளில் முழங்கைவரை ரப்பர் உறை.
குளியல் தொட்டி நிறையப் பாறை.
உயிருள்ளது என்றான்.
எனக்குக் கல்லாகத்தான் தெரிந்தது,
ஒரு துளையிலிருந்து நீண்ட மயிரிழைக் கால்
என்னைக் கண்டு உள்ளே போகும்வரை.

மணல்மேல் அடுக்கியிருந்தானாம்.
இறால் ஒன்று ராப்பகலாக அடியில் தோண்டியதாம்.
"அதன் குணம் அது" என்றான்,
குற்றவாளிக்கு வாதாடும் வக்கீல்போல.

இந்த முறை மணல் கடைசியில்.
கண்ணாடித் தரை, அதன்மேல் பிளாஸ்டிக் வலைத்தட்டு,
அதன்மேல் நேராகப் பாறை.
வைத்தான். ஆடியது.
திருப்பினான். ஆடியது.
பதினொரு நிமிடம் பொறுத்தேன்.

முப்பது வருடமாகப் பல்செட் செய்கிறவள் நான்.
ஆடுகிற பொருளைப் பார்த்துக்கொண்டு
சும்மா நிற்க வராது.
கீழே ஓடி மெழுகுத் தகடு எடுத்து வந்தேன்.
வெந்நீரில் இளக்கி விரித்து,
வை, அழுத்து, எடு என்றேன்.
ஐந்து பள்ளம்.
கடைவாய்ப் பல்லானாலும் கடலடிப் பாறையானாலும்
ஐந்து இடத்தில் தொடுவது
எங்கேயும் தொடுவதில்லை.
இரண்டைக் கொத்தச் சொன்னேன்.
அவன் கொத்தக் கொத்த நான் உப்புநீர் தெளித்தேன்,
சந்தைக் கீரைக்குத் தெளிப்பதுபோல.
மூன்றில் நின்றது,
முக்காலி மாதிரி, முகம் கோணாமல்.

பிறகு துளை, அக்ரிலிக் கம்பி,
கம்பியில் கோத்து அடுத்த கல்.
பின்கண்ணாடியில் சாயக்கூடாதாம்.
நீர் சுற்றிவர வழி வேண்டுமாம்,
பயந்த மீனுக்கு ஒரு பொந்து வேண்டுமாம்.
அவன் காலி இடங்களைப் பார்த்தான்.
நான் சுமையைப் பார்த்தேன்.

உச்சிக் கல்லுக்கு மட்டும் பசைமாவு.
இரண்டு நிறம் ஒன்றாகப் பிசையச் சூடேறும்,
அந்தச் சூட்டை என் விரல்களுக்குத் தெரியும்.
இறுகும்வரை யாராவது பிடிக்க வேண்டும்.
அவனுக்குப் பத்து நாற்பதுக்கு ராப்பணி.
சாவியை மிதியடிக்கு அடியில் வையுங்கள் என்று
மாடிப்படியிலிருந்து கத்தினான்.

ஆக, நான்.
அடுத்தவன் வீட்டில், தோள்வரை வெதுவெதுத்த நீரில்,
ஜன்னலில் பனி, கையில் ஒரு கல்.
கீழே என் போன் அடித்து ஓய்ந்தது.
தெருமுனை வளைவில் டிராம் கிறீச்சிட்டபோது
உள்ளங்கைக்கு அடியில் ஏதோ நெளிந்தது.
கையை எடுக்கவில்லை.

சண்டைக்கென்று வைத்திருந்த வாசகம்
அப்போதுதான் நினைவு வந்தது. நல்ல வாசகம்.
வெள்ளையடிக்கும் காசைப் பற்றி
நாளைக்குச் சொல்லலாம்.

இறுகியிருக்கும்.
எதற்கும் இன்னும் ஒரு நிமிடம்.