மேசைக்காரன் கை

மேசைக்காரனுக்குக் கைதட்ட உரிமையில்லை.
ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா,
கார்பன் வைத்த தாள்.
பகலில் காட்பாடி பார்சல் ஆபீசில்
எடை எழுதுகிற அதே கை.

மே மாதம். வேலூர்.
இரவு எட்டு மணிக்கும்
சிமென்ட் தரையின் சூடு
ஷூவைத் தாண்டி உள்ளங்காலைத் தேடியது.
கோட்டைப் பக்கமிருந்து காற்று வரும் என்றார்கள்.
வரவில்லை.

குடியாத்தம் பெண்கள் அணிக்குத் தாளில்
பன்னிரண்டு கட்டம்.
நான் நிரப்பியது ஆறு.
ஜெசிந்தா கணுக்கால் முறிந்து
சி.எம்.சி.யில் படுத்திருக்கிறாள்.
ஃபர்சானாவுக்கு முட்டி.
வேறு இருவருக்கு டைபாய்டு.
இரட்டையரில் மூத்தவளுக்கு விரல் பிசகி,
அக்கா இல்லாமல் வரமாட்டேன் என்றாளாம் இளையவள்.
சென்னை அணிக்குப் பன்னிரண்டும் நிறைந்து
தண்ணீர் நீட்ட ஆள் தனியாக.

பதினொன்றாம் எண், மரகதவல்லி.
தீப்பெட்டி கம்பெனிக் கணக்கர் மகள் என்று
டைமர் ராஜரத்தினம் காதில் சொன்னார்.
எனக்கு எதற்கு?
எண் போதும்.

11. 11. 4. 11.
தூரத்திலிருந்து விழுந்தால் எண்ணைச் சுற்றி வட்டம்.
வட்டம் போட்டு முடிப்பதற்குள்
எதிரியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி
மறுபடி அங்கே நிற்கிறாள்.

மூன்றாவது காலில்
யாஸ்மினுக்கு ஐந்தாவது ஃபவுல்.
ஆறாமவள் இறங்கினாள்.
நான்காவதில் அவளுக்கும்
கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
நடுவர் என்னைப் பார்த்தார்.
நான் விதியைப் பார்த்தேன்.
நாலு பேர் ஆடலாம்.
ஆரம்பிக்கத்தான் ஐந்து வேண்டும்.

ஐம்பது, அறுபத்தொன்று.
ஆறு நிமிடம் மீதி.
வியர்வையில் பந்து நழுவுகிறது.
துடைக்கலாமென்றால் பனியனும் சொட்டுகிறது.
மேசைக்கு ஓடி வந்து
"அந்தத் துணியைக் குடுங்க சார்" என்றாள்.
கார்பன் கறை துடைக்கிற துணி.
நடுநிலை தவறினேனா, தெரியாது.
கொடுத்தேன்.

அதன் பிறகு அவள் உள்ளங்கை நீலம்.
பந்தில் நீலம்.
அவளைத் தடுத்த சென்னைப் பெண்ணின்
வெள்ளைத் தோள்பட்டையில்
நாலு நீல விரல்.
இரண்டு பேர் மறித்தால் நடுவில் நுழைந்தாள்.
மூன்று பேர் மறித்தபோது
இடது கையால் பலகையில் அறைந்தாள்,
பந்து யோசித்து
உள்ளே போனது.
மற்ற மூவரும் மூச்சிரைத்தபடி
எப்படியோ ஒவ்வொரு தடவையும்
அவளுக்கே பந்தைக் கொண்டு சேர்த்தார்கள்.
அதற்குத் தாளில் கட்டமில்லை.

அறுபத்து நான்கு, அறுபத்தைந்து.
எட்டு நொடி. இரண்டு ஃப்ரீ த்ரோ.
டீ விற்றவன்கூட பாத்திரத்தை இறக்கி வைத்தான்.
முதலாவது விழுந்தது.
இரண்டாவது வளையத்தில் ஒருமுறை சுற்றி
விழுந்தது.
புள்ளியை நிரப்பினேன்.
பேனா தாளைத் தாண்டி, கார்பனைத் தாண்டி
மேசையில் குத்தி நின்றது.
மீதி எட்டு நொடி நான் பார்க்கவில்லை.
விசில் கேட்டது, கூட்டம் கேட்டது.
கணக்கைக் கூட்டினேன்.
அறுபத்தாறில் நாற்பத்து மூன்று அவளுடையது.
இரண்டு தடவை கூட்டினேன்.

மறுநாள் இறுதிப் போட்டி.
குடியாத்தத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள்.
கால்மணி நேரம் காத்திருந்து
இருபதுக்குச் சைபர் என்று எழுதினேன்.
அவ்வளவு சுத்தமான தாளை
என் கை அதுவரை எழுதியதில்லை.

மரகதவல்லி வந்து நின்றாள்.
நகத்தோரம் இன்னும் நீலம்.
கோப்பையைப் பற்றிப் பேசவில்லை.
"நேத்துத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுக்கணும் சார்.
ஆஸ்பத்திரில ஜெசிந்தா நம்பவே மாட்டேங்கிறா."

தெருமுனைக் கடையில்
மூடி உடைந்த மெஷின்.
பேனா கிழித்த ஓட்டை
நகலில்
கன்னங்கரேலென்று விழுந்திருந்தது.
"இது என்ன சார்?" என்றாள்.
அறுபத்தாறு என்றேன்.