சம்பவ இடம்

மாதவரம் ரவுண்டானா தாண்டி
இருநூறடி ரோட்டின் இடது ஓரம்.
ஒரு கம்ப்ரசர், வேப்பங்கிளையில் தொங்கும் டயர்,
அதில் வெள்ளைப் பெயின்டில் என் செல் நம்பர்.
கடை என்றால் அவ்வளவுதான்.

ஸ்டான்லியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டார்,
"சம்பவ இடம்?"
லாரிக்கு அடியில சார்.
"லாரி எங்கே?"
மணி ஆறரை.
இந்நேரம் சூளூர்ப்பேட்டை தாண்டியிருக்கும்.

நெல்லூர் போகிற டைல்ஸ் லோடு.
பின் அச்சில் உள்சக்கரம் பஞ்சர்.
அக்னி வெயிலில் தார்
பாகு பதத்துக்கு வந்திருந்தது.
ஜாக்கி ஒரு விரல் கனம் உள்ளே இறங்கியதை
இரண்டு பேருமே பார்க்கவில்லை.
தேசப்பன் முட்டுக்கட்டையைத் தள்ள
இடது கையை நீட்டினான்.

சத்தம் பெரிதாக இல்லை.
ஈரக் கோணியைத் தரையில் போட்ட மாதிரி.
அப்புறம்தான் கத்தினான்,
"ஏத்துண்ணா, ஏத்து."
டிரைவரின் ஜாக்கியை வைத்து ஏற்றினோம்.

ஆட்டோவில் கூடப் போனது
கரும்பு ஜூஸ் கோமளா.
ஐஸ் போட்ட கவரில் இரண்டு விரல்கள்,
அவள் மடியில்.
பின்னாலேயே வருகிறேன் என்றேன்.

வரவில்லை.
சக்கரம் மாட்ட வேண்டியிருந்தது.
டிரைவர் அவசரப்படுத்தவில்லை,
கை கூப்பிக்கொண்டு
சும்மா நின்றான்.
பத்து நட்டையும் நானே முடுக்கினேன்.
மூன்றாவதில் ஸ்பானர் வழுக்கியது.
துடைத்துவிட்டு முடுக்கினேன்.
அறுநூறு கேட்டேன்,
இரண்டாயிரம் கொடுத்தான்.
எண்ணிப் பார்த்துத்தான் பையில் வைத்தேன்.

"எந்தக் கம்பெனி?"
கம்பெனி இல்ல சார். ரோடு.
"ரோடு ஆக்சிடென்ட்டுனு போட்டுக்கறேன்,
பரவால்லையா?"
தலையாட்டினேன்.
பொய்யென்று எப்படிச் சொல்வது,
ரோடுதானே உள்வாங்கியது.

உள்ளே ஒரு விரலை ஒட்டப் பார்க்கிறார்களாம்.
இன்னொன்றைப் பற்றிக் கோமளா சொல்லவில்லை,
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"
சீட்டுக்காரர் பேனாவோடு காத்திருந்தார்.

ஜாக்கிக்குக் கீழே போட
எங்களிடம் ஒரு பலகை உண்டு.
பழைய பஸ்ஸில் கழற்றியது, நல்ல கனம்.
மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்துதான்
புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
தேசப்பன் அதற்காக வந்து பக்கத்தில் நின்றான்.
நான் அரைகுறையாக எழுந்தேன்.

பரவால்ல, நீ சாப்டுண்ணா, என்றான்.