கையெழுத்தின் வால்

நாட்டுத் தேர்தல் இல்லை இது.
அதற்கு இன்னும் நாளிருக்கிறது.
அதில் நம் கட்சிக்கு யார் நிற்பது என்பதை
இந்த முறை உறுப்பினர்களே முடிவு செய்யட்டும் என்று
தலைமையகம் கைகழுவிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு முடித்து
தொழிற்சாலைச் சட்டையோடு வந்து நிற்கிறேன்
ஜெலுத்தோங்கில், தமிழ்ப்பள்ளி மண்டப வாசலில்.
கையில் சந்தா ரசீது, அடையாள அட்டை.
எனக்கு முன்னால் நாற்பது பேர்.
எல்லாரும் பசியாறிவிட்டு வந்திருப்பார்கள் போல,
நிதானமாக நிற்கிறார்கள்.

ஒன்றாம் எண் வீரப்பெருமாள்.
அவர் துண்டறிக்கையில் பாதிப் பக்கம் அவர் சிரிப்பு.
இரண்டாம் எண் சுகுணேஸ்வரி.
அவளுடையதில் கிளையின் வரவு செலவு, சில்லறை வரைக்கும்.

வீரப்பெருமாளுக்கு நான் கடன்பட்டவள்.
கவினேஷ் பாலிடெக்னிக் போன வருஷம்
உதவித்தொகை மனுவில் எங்கள் வருமானம்
வரம்பைவிட இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி கூடிப்போனது.
ஓவர்டைம் செய்த பாவம்.
முதலில் சுகுணேஸ்வரியிடம்தான் போனேன்.
கிளைச் செயலாளர், வங்கியில் வேலை.
கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சம்பளச் சீட்டு மூன்றையும் படித்தாள்.
கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள்.
"ஓவர்டைமையும் சேத்துத்தான் எழுதணும் அக்கா.
வேற எதுக்கு மனு போடலாம்னு பார்ப்போம்."
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.
அவள் ஊற்றிய தேநீரைத் தொடவில்லை.

வீரப்பெருமாள் மாமாக் கடையில் இருந்தார்.
ரொட்டியை மென்றபடி
"எங்க?" என்று மட்டும் கேட்டார்.
விரலால் காட்டினேன்.
அவர் கையெழுத்தின் கடைசியில் ஒரு வால் வரும்,
பட்டம் அறுந்து போவதுபோல.
பணம் வந்தது. பையன் படிக்கிறான்.
தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு கொண்டு போனேன்.

போன மாதம்
எங்கள் அடுக்குமாடியில், மின்தூக்கிக்குப் பக்கத்தில்
ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்.
கீழே பிள்ளைகள் பந்தடிக்கும் திடல்
இனிமேல் கார் நிறுத்துமிடம், மணிக்கு இரண்டு வெள்ளி.
குடியிருப்பாளருக்கு ஆட்சேபம் இல்லை என்று
ஒரு கடிதத்தின் நகல்.
அடியில் அதே வால்.

மின்தூக்கி வந்தது, போனது.
நான் ஏறவில்லை.
இதையும் ரொட்டியை மென்றபடிதான் போட்டிருப்பார்.
கெட்ட எண்ணமெல்லாம் இருந்திருக்காது.
யாரோ விரலால் காட்டியிருப்பார்,
என்னைப் போல.

வரிசை நகர்கிறது.
லோகநாயகி பின்னாலிருந்து முதுகில் இடிக்கிறாள்.
"ஒன்னுக்குத்தானே? நன்றி மறக்கக்கூடாது."
அவள் சொல்வதும் சரிதான்.
இல்லை என்றவளுக்கு ஓட்டுப் போட
எனக்கென்ன பைத்தியமா?
அந்தக் கண்ணாடி, அந்த 'அக்கா',
மூன்று நாள் என் தூக்கத்தைக் கெடுத்த அந்தக் கூட்டல்.
இப்போதும் அவளைப் பிடிக்கவில்லை.
மண்டபத்து மூலையில் தனியாக நிற்கிறாள்.
வணக்கம் சொல்கிறாள்.
தலையை மட்டும் ஆட்டிவைக்கிறேன்.

ஆனால் அந்தத் திடல் கடிதத்தை
அவளிடம் நீட்டியிருந்தால்
கண்ணாடியை ஏற்றியிருப்பாள்.
படித்திருப்பாள்.
மறுபடியும் படித்திருப்பாள்.

அட்டைத் தடுப்புக்குள் ஒரு பென்சில், நூலில் கட்டியது.
நூல் குட்டை.
ஒன்றாம் கட்டத்துக்குத் தாராளமாக எட்டுகிறது,
இரண்டுக்குக் கொஞ்சம் இழுக்க வேண்டும்.
இழுத்தேன்.

வெளியே லோகநாயகி காத்திருந்தாள்.
"ஒன்னுதானே?"
"ஒன்னுதான்" என்றேன்.
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்,
அவ்வளவு சரளமாக வந்தது.

வாசலில் வீரப்பெருமாளின் ஆட்கள்
பிரியாணிப் பொட்டலம் நீட்டினார்கள்.
வாங்கிக்கொண்டேன். பசி.

இன்னும் கோடு போடாத திடலின் ஓரத்தில்
உட்கார்ந்து பிரித்தேன்.
முட்டை முழுசாக இருந்தது.
பந்து ஒன்று காலடிக்கு உருண்டு வந்தது.
"அக்கா, அக்கா, இங்க" என்று கத்தினார்கள்.
எழுந்து உதைத்தேன்.
கோணலாகப் போனது.